நான் சேர்த்த வரிகள்

பட்டாளத்தில் இருந்த ஐந்து வருஷத்தில் எனக்கென்று ஒரு கடிதமும் வந்ததில்லை. நானும் யாருக்கும் போட்டதில்லை. ஆனால் எங்கள் கம்பெனியிலேயே அதிகம் கடிதம் எழுதியவன் நான்தான். எழுதப் படிக்கத் தெரியாத தமிழ்ச் சிப்பாய்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டை முடித்துவிட்டு என் கூடாரத்துக்கு வருவார்கள். ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல எழுதுவேன். பதில் வந்தால் வாசித்தும் காட்டுவேன்.

எனக்குச் சொந்த ஊர் போடி. அப்பா காலமான பிறகு ஜவுளிக்கடையை அண்ணன் எடுத்துக்கொண்டார். ஒருநாள் அவரோடு வாய்ச்சண்டை முற்றி, கட்டிய வேட்டியோடு ரயிலேறி மதுரைக்குப் போய்ப் பட்டாளத்தில் பெயர் கொடுத்துவிட்டேன். பத்தாவது வரை படித்தவன் என்பதால் பாலம் போடுகிற, ரோடு போடுகிற கம்பெனியில் சாமான் கணக்கு எழுத வைத்தார்கள். பெங்களூரில் பயிற்சி. அப்புறம் கப்பலேறி பர்மா பக்கம்.

எங்கள் கம்பெனியில் தேனிப் பக்கத்து ஆள் இன்னும் ஒருவர் இருந்தார். அவரை எல்லாரும் வீரபாண்டிக்காரர் என்று கூப்பிடுவார்கள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஊரில் கால்வாய் மடை திறந்து மூடுகிற வேலை பார்த்தவர். வெள்ளம் வந்தால் ஆற்றில் குதித்து மடையில் அடைத்த மரக்கிளையை இழுத்துப் போடுவாராம். கருத்த, நெடிய உருவம். பேச்சு மிகக் குறைவு. பேசினால் அதில் பாதி என்னைக் கேலி பண்ணுவதாக இருக்கும். எனக்கு நீச்சல் தெரியாது.

"போடிக்காரன் தண்ணிய லோட்டாவுலதான் பாத்திருப்பான்" என்பார். கூட இருக்கிற சேலத்துக்காரரும் தஞ்சாவூர்க்காரரும் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் வரும். ஆனாலும் அந்தக் காட்டில் 'அங்கன', 'இங்கன' என்று பேச எனக்கு அவரை விட்டால் வேறு ஆள் இல்லை. அவர் பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் போய் நானும் சும்மா உட்கார்ந்துகொள்வேன்.

கல்யாணமாகி எட்டு மாதத்தில் அவர் பட்டாளத்துக்கு வந்துவிட்டார். பிள்ளை இல்லை. வீட்டில் மனைவியும் ஒரு பசுமாடும்தான். மாதம் ஒரு கடிதம் போடுவார்.

முதல் கடிதம் எழுத உட்கார்ந்த அன்று, "நான் சுகம்னு எழுது" என்றார். எழுதினேன். "மாட்டுக்கு வைக்கோல் இப்பவே வாங்கிப் போடச் சொல்லு, ஆடிக்கு மேல கிடைக்காது. மேக்கால ஓட்டுல ஒழுகும், ஆள விட்டுப் பாக்கச் சொல்லு." அதையும் எழுதினேன்.

"வேற?"

"வேற என்னத்த? அம்புட்டுதான்."

எழுந்து போய்விட்டார். தாளில் முக்கால் பங்கு வெள்ளையாகக் கிடந்தது. அதை அப்படியே ஒட்டி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. எட்டு மாதம் கூட இருந்துவிட்டுத் தனியாகக் கிடக்கிற ஒரு பெண் இதைப் பிரித்து, வைக்கோலும் ஓடும் மட்டும் இருக்கக் கண்டால் என்ன நினைப்பாள்? நானாக ஒரு வரி சேர்த்தேன். 'வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள்.' அவ்வளவுதான். அதில் என்ன தப்பு என்று எனக்குப் பட்டது.

அடுத்த மாதம் இரண்டு வரி ஆனது. அதற்கடுத்த மாதம் நாலு. 'மத்தியானம் தட்டை வைத்துக்கொண்டு உட்காரும்போதெல்லாம், நீ இந்நேரம் அடுப்படியில் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்' என்று ஒரு தடவை எழுதினேன். நான் அந்த அடுப்படியைப் பார்த்ததில்லை. அந்தப் பெண்ணையும் பார்த்ததில்லை. எனக்கு நினைத்துக்கொள்ள வேறு யாரும் இல்லாததால், அவருடைய பெயரில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டேன் என்றுதான் இன்றைக்குச் சொல்லத் தோன்றுகிறது.

அந்த அம்மாளுக்கும் எழுதத் தெரியாது. ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார்தான் வாசித்துக் காட்டிவிட்டுப் பதிலும் எழுதுவார். ஆரம்பத்தில் பதில்களும் மாடு, ஓடு என்றுதான் இருந்தன. ஐந்தாறு கடிதத்துக்குப் பிறகு மாறின. 'நீங்க அடுப்படிய நினைக்கிறதா எழுதினத ரெண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். இப்ப நான் வாசப்பக்கம் பாத்துத்தான் உக்காருறேன். அங்கன பாத்தா நீங்க வர்ற வழி தெரியும்' என்று வந்தது.

நான் யோசிக்காமல் அதை அவருக்கு உரக்க வாசித்துவிட்டேன்.

வாயில் வைத்த பீடியை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அடுப்படியா? நான் எப்படா அடுப்படியப் பத்தி எழுதச் சொன்னேன்?"

"சாப்பாட்டப் பத்தி ஏதோ சொன்னீகண்ணே" என்று மழுப்பினேன்.

"இன்னொரு வாட்டி வாசி."

வாசித்தேன். பீடியைத் தரையில் நசுக்கினார். பிறகு, "அவ இப்படியெல்லாம் பேசமாட்டாளே. வாத்தியார் சேத்து எழுதுறாரு" என்றார். ஆனால் அந்தக் கடிதத்தை மட்டும் என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். மற்றதெல்லாம் என்னிடமே கிடக்கும்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அந்த அம்மாள் எழுதிய நல்ல வார்த்தைகள் எதையும் நான் அவருக்கு வாசிக்கவில்லை. மாடு கன்று போட்டது, கூலி ஆள் வரவில்லை, இவற்றை மட்டும் வாசிப்பேன். மிச்சத்தைத் தாண்டிப் போய்விடுவேன். அவர் போன பின் தனியாக உட்கார்ந்து முழுவதும் படிப்பேன். அடுத்த தடவை அதற்குப் பதிலும் எழுதுவேன். ஏறக்குறைய இரண்டு வருஷம் இப்படி நடந்தது. கணவனுக்கென்று ஒரு பெண் சொன்னதையெல்லாம் நான் ஒருவனே வைத்துக்கொண்டேன்.

போரின் கடைசி வருஷம், மாசி மாதம், ஒரு பெரிய ஆற்றின் கரைக்கு வந்து சேர்ந்தோம். நம் முல்லையாற்றைப் போல் இருபது, முப்பது ஆறு சேர்ந்தாலும் அந்த அகலம் வராது. ஆற்றின் நடுவில் அங்கங்கே மணல் திட்டுகள். அக்கரையில் மேடு, மேட்டில் எதிரி. சிப்பாய்களைப் படகில் ஏற்றி அக்கரையில் இறக்குவது எங்கள் கம்பெனியின் வேலை.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வீரபாண்டிக்காரர் வந்தார். "லீவு கேட்டிருக்கேன்னு எழுது. கிடைச்சா வாரேன்" என்றார். நான் எழுதியது: 'வருகிற சித்திரைத் திருவிழாவுக்கு எப்படியும் வந்துவிடுவேன். இது சத்தியம்.'

இனி நடந்ததைச் சேர்க்காமல் குறைக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

விடிந்து பனிமூட்டம் இருக்கும்போதே முதல் படகுகள் போய்ச் சேர்ந்துவிட்டன. ஆள் பற்றாக்குறையால் கணக்கு எழுதுகிற என்னையும் தோட்டாப் பெட்டிகளோடு ஒரு படகில் ஏற்றினார்கள். படகை ஓட்டியவர் வீரபாண்டிக்காரர். உள்ளே பன்னிரண்டு பஞ்சாபிச் சிப்பாய்கள். நாங்கள் பாதி ஆறு போவதற்குள் பனி விலகிவிட்டது. அப்போது பின்னால் மாட்டியிருந்த மோட்டார் இருமி இருமி நின்றுபோனது. அவர் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். அது கிளம்பவே இல்லை. தண்ணீர் எங்களை இழுத்துக்கொண்டு கீழே போக ஆரம்பித்தது. அந்தத் திசையில்தான் மேட்டிலிருந்து இயந்திரத் துப்பாக்கி சுட்டுக்கொண்டிருந்தது. துடுப்புப் போட்ட பஞ்சாபிப் பையன் ஒருவன் படகுக்குள்ளேயே சாய்ந்தான்.

இடது பக்கம் ஒரு மணல் திட்டு, ஐம்பது அறுபது கெஜம் இருக்கும். அதன் பின்புறம் ஆள் உயரத்துக்கு மணல் மேடு. அங்கே போய்விட்டால் குண்டு படாது. வீரபாண்டிக்காரர் பூட்ஸைக் கழற்றினார். படகின் நீளக் கயிற்றை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டார். குதித்துவிட்டார்.

அவர் நீந்தி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். தலையைத் தூக்காமல், நீரோட்டத்தோடு சண்டை போடாமல், சாய்வாகப் போனார். திட்டில் ஏறியதும் கயிற்றைக் கட்ட மரமோ கல்லோ தேடினார். வெறும் மணல்தான் இருந்தது. உடனே தண்ணீரின் ஓரத்தில் உட்கார்ந்து, குதிகால் இரண்டையும் மணலில் ஊன்றி, கயிற்றை முதுகைச் சுற்றிப் போட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கயிறு விறைத்தது. படகு போவதை நிறுத்தி, மெல்ல மெல்ல வளைந்து திட்டின் பக்கம் திரும்பியது.

ஆனால் அவர் உட்கார்ந்த இடத்துக்கு மறைப்பு இல்லை. நாங்கள் இறங்கியாக வேண்டிய இடத்துக்குத்தான் மறைப்பு இருந்தது. துப்பாக்கி அவரைக் கண்டுகொண்டது. அவரைச் சுற்றி மணல் தெறித்தது. முதல் குண்டு தோளில் பட்டபோது உடம்பு ஒரு குலுங்கு குலுங்கியதைப் பார்த்தேன். கயிற்றை விட்டுவிட்டுப் பின்னால் உருண்டிருந்தால் பிழைத்திருப்பார். பின்புற மேடு அவருக்கும் பத்தடி தூரம்தான். விட்டால் படகு போய்விடும் என்று அவருக்குத் தெரியும். உட்கார்ந்தே இருந்தார்.

பஞ்சாபிகள் ஒவ்வொருவராக இறங்கி, கழுத்தளவுத் தண்ணீரில் கயிற்றைப் பிடித்தபடி திட்டுக்குப் போனார்கள். கடைசியாக நான் மட்டும் நின்றேன். என் கால் நகரவில்லை.

"ஏலே போடிக்காரா! இறங்குடா!" அவர் குரல் தண்ணீரைத் தாண்டி வந்தது. "கயித்த விடாத! தண்ணியப் பாக்காத, என்னையப் பாரு! என்னையவே பாத்துக்கிட்டு வா!"

இறங்கினேன். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த முகம் ஒரு தடவை சுருங்கியது, இன்னொரு தடவை சுருங்கியது. கண் மட்டும் என்மேலேயே இருந்தது. மூக்கில் தண்ணீர் ஏறியது. கால் மணலைத் தொட்டதும் இரண்டு பேர் என்னை இழுத்து மேட்டுக்குப் பின்னால் போட்டார்கள். பிறகு அவரையும் இழுத்து வந்தார்கள். அவர்கள் கயிற்றை வெட்டியதும் படகு போய்விட்டது. அவருக்கு மார்பிலும் வயிற்றிலும் குண்டு பட்டிருந்தது.

"எல்லாரும் வந்துட்டாகளா?" என்று கேட்டார்.

ஒருவன் வரவில்லை. அந்தப் பையன் படகோடு போய்விட்டான். "எல்லாரும் வந்தாச்சுண்ணே" என்றேன்.

தலையை ஆட்டினார். கொஞ்ச நேரத்தில் போய்விட்டார்.

வேறு படகு சாயங்காலம்தான் வந்தது. அதுவரை, கொளுத்துகிற வெயிலில், அவர் பக்கத்தில் படுத்துக் கிடந்தேன். பதினோரு பஞ்சாபிகளும் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து அவர் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். அவர்கள் இந்துஸ்தானியில் ஏதோ கேட்டார்கள். அவர் பெயர், ஊர், பிள்ளை குட்டி என்று கேட்டிருப்பார்கள். எனக்கு அந்தச் சமயத்தில் ஒரு வார்த்தையும் வரவில்லை. அவரைப் பற்றித் தமிழில் பேச அந்த ஆற்றில் எனக்கு ஆள் இல்லை. ஈ மொய்க்காமல் என் சட்டையை எடுத்து அவர் முகத்தில் போட்டேன்.

அடுத்த வருஷம் என்னை விடுவித்தார்கள். போகும்போது போடியில் ரயிலேறிப் போனவன். திரும்பி வரும்போது தண்டவாளமே இல்லை. போருக்கு இரும்பு வேண்டுமென்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். மதுரையிலிருந்து, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ்ஸில் வந்தேன். ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்தில் எல்லாரையும் இறக்கிவிட்டுத் தள்ளச் சொன்னார்கள். தேனியில் இறங்கி, போடிக்குப் போகாமல், நேரே வீரபாண்டிக்கு நடந்தேன்.

அந்த அம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். இருந்தாலும் மதினி என்றுதான் கூப்பிட்டேன். சர்க்கார் கொடுத்த மெடல் மாடக்குழியில் பெட்டியோடு இருந்தது. தெருவே கூடிவிட்டது. நடந்ததைச் சொன்னேன். ஆண்கள் உச்சுக் கொட்டினார்கள். பக்கத்து வீட்டம்மாள் அழுதாள். மதினி அழவில்லை. எல்லாரும் கலைந்த பிறகு என்னைக் கேட்டாள்.

"சித்திரைக்கு எப்படியும் வாரேன், சத்தியம்னு எழுதியிருந்தாக. அம்புட்டு உறுதியாச் சொன்ன மனுசன் எதுக்குத் தம்பி தண்ணில குதிச்சாக?"

"எங்களையெல்லாம் காப்பாத்த" என்றேன்.

"அது தெரியுது. எனக்குச் சொன்ன சத்தியம்?"

பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரியிடம் வேலை கிடைத்தது. மூட்டை அடுக்குகிற கிட்டங்கிக்குப் பின்னால் ஓர் அறை. அண்ணன் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. மூன்று மாதம் அந்த அறையில் இருந்தேன். மதினி கேட்ட கேள்வி கூடவே இருந்தது. நான் சொல்லாவிட்டால், கொடுத்த வாக்கைக் கணவன் மீறிவிட்டான் என்றே அந்தப் பெண் கடைசிவரை நினைத்துக்கொண்டிருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடியும் போனேன்.

பக்கத்து வீட்டம்மாள் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மதினி வாசற்படியில் இருந்தாள். அண்ணனுக்குக் கடிதம் எழுதிக்கொடுத்தவன் நான், அதில் நானாகவும் வரிகள் சேர்த்தேன் என்று நின்றபடியே சொல்லிவிட்டேன்.

மதினி எழுந்தாள். உள்ளே போய்க் கடிதக் கட்டை எடுத்து வந்து என் முன்னால் போட்டாள். கூடவே ஒரு பென்சில்.

"நீங்க சேத்ததை மட்டும் அடிச்சுக் குடுங்க" என்றாள்.

ஒவ்வொன்றாகப் பிரித்து அடித்தேன். அவளுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் எல்லாம் மனப்பாடம். "அடுப்படியைப் பத்தினது?" என்பாள். "நான்." "ஓட்டுல ஒழுகுறது?" "அண்ணன்." "சத்தியம்?" "நான் மதினி. கிடைச்சா வாரேன்னுதான் அவுக சொன்னாக." அதைக் கேட்டதும் அவள் தோள் கொஞ்சம் இறங்கியது. கடைசியில் ஒவ்வொரு தாளிலும் மூன்று நான்கு வரிதான் மிஞ்சியது.

"நான் எழுதச் சொன்னதெல்லாம்?" என்றாள் திடீரென்று. "அதையெல்லாம் அவுக கேட்டாகளா?"

இதை அவள் கேட்காமல் இருந்துவிடுவாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

"மாட்டப் பத்தினது எல்லாம் வாசிச்சேன். மத்தத வாசிக்கல."

"ஒண்ணும் கேக்கலையா?"

"ஒண்ணே ஒண்ணு கேட்டாக. வாசப்பக்கம் பாத்து உக்காருறேன்னு எழுதினீகளே, அது. இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாக."

"கேட்டுட்டு என்ன சொன்னாக?"

ஒரு நல்ல வார்த்தையாகச் சொல்லிவிட எனக்கு ஆசை வந்தது. சொல்வதற்கு வார்த்தையும் கைவசம் இருந்தது. அடக்கிக்கொண்டேன். "'அவ இப்படியெல்லாம் பேசமாட்டா, வாத்தியார் சேத்து எழுதுறாரு'ன்னு சொன்னாக. ஆனா அந்தக் கடுதாசிய வாங்கி வச்சுக்கிட்டாக."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவள் வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டம்மாள் எழுந்து ஓடி வந்தாள்.

"அது நான் சொன்னதுதான் தம்பி. வாத்தியார் இதெல்லாம் எழுதக் கூடாதுன்னாரு. நாந்தான் மல்லுக்கட்டி எழுத வச்சேன்" என்றாள்.

வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மிச்சத்தையும் கேட்டிருந்தா அன்னைக்குக் குதிச்சிருப்பாகளா?"

திட்டில் என்னையே பார்த்துக்கொண்டிருந்த அவர் முகத்தை நினைத்துப் பார்த்தேன். "குதிச்சிருப்பாக மதினி."

"ஆமா" என்றாள். "குதிச்சிருப்பாக. ஊருல யாரோட ஆடு வெள்ளத்துல போனாலும் முதல்ல குதிக்கிற ஆளு."

நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். "நீங்க சொன்னதுக்கு உங்க மேல கோவம் இருக்கு. சொல்லாம இருந்திருந்தாலும் கோவந்தான். இனி இங்கன வராதீக தம்பி" என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

அந்தக் கிட்டங்கி அறையில்தான் மேலும் பல வருஷம் இருந்தேன். போரைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்ட ஒன்றிரண்டு பேரும் எத்தனை பேரைச் சுட்டாய் என்றுதான் கேட்டார்கள். சுதந்திரம் வந்த பிறகு அந்தச் சண்டையே வெள்ளைக்காரனுக்காகப் போட்டது என்று ஆகிவிட்டது. நானும் வாயைத் திறப்பதில்லை. தமிழில் கதை எழுதி இரண்டு மூன்று பத்திரிகைகளுக்கு அனுப்பினேன். அவற்றில் எதுவும் இந்தக் கதை இல்லை.

ஒருமுறை தேனிச் சந்தையில் மதினியைப் பார்த்தேன். சாக்கு விரித்துக் கத்தரிக்காய் விற்றுக்கொண்டிருந்தாள். தலையில் ஒன்றிரண்டு நரை. நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவள்தான் கூப்பிட்டாள்.

"நல்லாருக்கீகளா தம்பி?"

"இருக்கேன் மதினி."

"கல்யாணம்?"

"இல்ல."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். "தனியாவா இருக்கீக?"

ஆமாம் என்றேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஒரு பெண் குனிந்து காயைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டாள். "அதைப் பிதுக்காதீக, எல்லாம் காலையில பறிச்சது" என்று மதினி அவளிடம் பேரம் பேசத் திரும்பிக்கொண்டாள். கூட்டம் அதிகமாக இருந்தது. சற்று நின்று பார்த்துவிட்டு நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.